குடும்பத் தலைவர்

கல்முனைக் கரையோரத்தில் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டி, "இது யாருடைய வீடு?" என வினவினால், பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரே விடையாக வரும். கட்டியவர் தந்தையாயிருப்பார், குடியிருந்து ஆள்பவர் கணவராயிருப்பார், ஆயினும் உறுதியில் எழுதப்பட்ட பெயர் அவ்விருவருடையதுமன்று. மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஈறாகவுள்ள முஸ்லிம் ஊர்களில் இது நெடுங்கால வழக்கம். இவ்வழக்கத்தினுள்ளே 98 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த போடியார் ஒருவர் சாய்ந்தமருதில் இருந்தார். நான்கு வீடுகளைக் கட்டினார். ஆறு வீடுகளில் வாழ்ந்தார். அவற்றில் ஒன்றேனும் அவர் பெயரில் இருந்ததில்லை.

போடியார் என்ற சொல் பிற மாகாணத்தவர்க்குப் புதிதாக இருத்தல் கூடும். மட்டக்களப்புத் தெற்கில் நெற்காணியை வைத்துப் பலரைக் கொண்டு வேளாண்மை செய்விப்பவரே போடியார். யாழ்ப்பாணத்துக் கமக்காரரோடு அவரை ஒப்பிட முடியாது. கமக்காரர் தம் தோட்டத்தில் தாமே இறைப்பார். போடியாரோ வரம்பில் நின்று பார்ப்பவர். அவருக்குக் கீழே முல்லைக்காரன், அவனுக்குக் கீழே வயற்காரர், அறுவடைக் காலத்தில் வெட்டுக்காரர் என ஓர் ஒழுங்கு உண்டு. சாய்ந்தமருதுப் போடியாருக்கு அப்பெயர் பிறப்பால் வந்ததன்று. நாற்பது வயதிற்குப் பின்னரே ஊரார் அவரைப் போடியார் என அழைக்கலாயினர். அதன் பிறகு அவருடைய இயற்பெயரைப் பள்ளிவாசற் பதிவேடு தவிர வேறெவரும் பயன்படுத்தவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர் மூத்தவாப்பா.

அவர் பிறந்த திகதி எங்கும் பதியப்படவில்லை. 1907 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மட்டக்களப்புப் பகுதியைத் தாக்கிய சூறாவளிக்கு மறு வருடம் பிறந்தவர் என்று தாயார் சொல்லிவந்தார். அதைக் கொண்டே பின்னாளில் அடையாள அட்டையில் 1908 என எழுதப்பட்டது. ஓதப்பள்ளியில் லெப்பையிடம் குர்ஆனும் அறபுத்தமிழும் கற்றார். அறபு எழுத்திலே தமிழை எழுதும் அம்முறையில்தான் இறுதிவரை வயற்கணக்கை எழுதினார். தமிழ் எழுத்தை வாசிப்பார். எழுதக் கை வராது. கணக்குக் கொப்பியை எட்டிப் பார்க்கும் வெளியூர் நெல் வியாபாரிக்கு ஓர் எழுத்தும் விளங்காது என்பதில் அவருக்கு ஒரு சிறு மகிழ்ச்சியும் இருந்தது.

1931 ஆம் ஆண்டு அவருக்குத் திருமணமாயிற்று. மாப்பிள்ளை ஊர்வலமாகப் பெண் வீட்டுக்கு வந்தவர், அங்கேயே தங்கினார். ஒரு மரப்பெட்டியும் நான்கு உடுப்புகளுமே அவர் கொண்டுவந்தவை. இது அவர் ஒருவரின் கதையன்று. அக்கரையோரத்தில் ஆண் என்பவன் ஒரு வீட்டில் பிறந்து மற்றொரு வீட்டுக்குப் போகின்றவன். குடி என்னும் குலப்பிரிவும் அங்கே தாய்வழியாகவே இறங்கும். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு மரைக்கார் இருந்தார். அவ்வாறு ஊரை ஆண்ட ஆண்கள் யாவரும் தத்தம் தாயாரின் குடியைக் கொண்டே அவ்விடத்தைப் பெற்றனர். அயலிலுள்ள தமிழ்ச் சைவ ஊர்களிலும் குடி வழக்கு இவ்வாறே. மட்டக்களப்பு முக்குவரின் மரபுரிமை முறையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பார் 1876 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். தாய்வழிச் சொத்து பெண் வழியே இறங்கும் முறை அதில் கூறப்பட்டுள்ளது. இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் வகுப்பது. கல்முனைக் கரையார் அச்சட்டத்தை மறுத்தாரல்லர்; அது செயற்படத் தொடங்கும் முன்னரே, அதாவது தாம் உயிரோடிருக்கும்போதே, வீட்டையும் வயலையும் மகள்மாருக்குச் சீதனமாக எழுதிவிட்டனர். சுமாத்திராவின் மினாங்கபௌ முஸ்லிம்களும் வட மலபார் மாப்பிள்ளைமாரும் இவ்வாறே மார்க்கத்தையும் தாய்வழியையும் ஒருங்கு கொண்டு வாழ்ந்தவர்கள் என்பதை நோக்குமிடத்து, இது ஒரு மூலையூரின் விசித்திரமன்று என்பது புலனாகும். 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வமைப்பை விரிவாக எழுதியுள்ளார். போடியார் எந்நூலையும் அறியார். "பொம்புளப் புள்ளைக்கு வீடில்லாட்டி அது எங்க போறது? ஆம்புள எங்கயும் படுப்பான்" என்பதே அவர் அறிந்த சட்டம்.

அவருடைய வயல்கள் ஊருக்கு மேற்கே இருந்தன. விதைப்புக் காலத்தில் மாட்டு வண்டியிற் போனால் வாரக்கணக்கில் வாடியிலேயே தங்குவார். அவருடைய முல்லைக்காரர் அயலூர்த் தமிழர். போடியாரைவிட ஆறேழு வயது இளையவர். விதைக்கும் நாளையும் சூடு மிதிக்கும் நாளையும் குறிப்பவர் அவரே. களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லலாகாது, பொலி என்றே சொல்லவேண்டும் என்பது போன்ற விதிகளைப் போடியாருக்குக் கற்பித்தவரும் அவரே. களவெட்டியில் அளவு தொடங்குமுன் ஒருவர் தம் தெய்வத்தை நினைப்பார். மற்றவர் பிஸ்மி சொல்வார். பின்னர் இருவரும் ஒரே மரைக்காலால் அளப்பர்.

வேளாண்மை அவரைப் போடியாராக்கியது 1942 இற்குப் பின்னரே. அவ்வாண்டு பர்மா ஜப்பானியர் கையிற் சிக்கியதும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. உணவு உற்பத்தியைப் பெருக்கும்பொருட்டுக் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. அங்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். பின்னாளில் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகப் புகழ்பெற்ற அதே அஸீஸ்தான். காடு வெட்டி நெல் விதைக்க முன்வந்தோர்க்கு நிலம் கிடைத்தது. முன்வந்தவர்களுள் அவரும் ஒருவர். மலேரியாவோடு திரும்பி, குயினைன் உண்டு, மறுபடியும் போனார். முதல் விளைச்சலில் பாதியைப் பன்றி தின்றது என்பார். மீதிப் பாதியில்தான் இரண்டாவது வீட்டுக்கு அத்திவாரம் போட்டது என்பார்.

1947 இல் முதற் பாராளுமன்றத்துக்குக் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் கல்முனையிலிருந்து தெரிவான காலம் அது. கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கிற்று. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம், பெரும்போகம் ஒன்றையே அறிந்திருந்த பல வயல்களுக்குச் சிறுபோகத்தையும் தந்தது. ஆற்றின் மேற்புறத்தில் புதிய குடியேற்றங்கள் எழுந்தன. வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தவர்கள் நீருக்காகக் காத்திருக்கப் பழகினர். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. இவை பற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். போடியாரின் கொப்பியில் அவ்வாண்டுகளுக்கெல்லாம் நீர் வந்த நாளும் வராத நாளும் மட்டுமே உள்ளன.

அவருக்கு ஐந்து மகள்மார், இரண்டு மகன்மார். மூத்த மகளுக்கு 1949 இல் திருமணம் பேசப்பட்டபோது, அவர் 1931 இல் மாப்பிள்ளையாக வந்து புகுந்த வீடே அவளுக்குச் சீதனமாயிற்று. அது அவருடைய மனைவியின் வீடு. மனைவியின் தாயாரிடமிருந்து வந்தது. திருமணத்துக்கு ஒரு மாதம் முன்னர் அவரும் மனைவியும் மீதிப் பிள்ளைகளும் அதே வளவில் கிழக்குப் பக்கமாக எழுந்த புதிய வீட்டுக்குச் சென்றனர். சுவர்கள் அரைகுறை, கூரை கிடுகு. 1955 இல் இரண்டாம் மகளின் திருமணம். அதற்குள் சுவர் பூசி ஓடு போட்டிருந்த அவ்வீடு அவளுக்கானது. குடும்பம் மேலும் கிழக்கே நகர்ந்தது. மூன்றாம் மகளுக்கு 1958 இல் நாள் குறித்திருந்தனர். 1957 ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் பெரும்போகத்தை முற்றாகக் கொண்டுபோக, திருமணம் ஒரு வருடம் பிந்திற்று. அவ்வோராண்டில் அவர் மாப்பிள்ளை வீட்டார் இருந்த தெருவால் பள்ளிக்குப் போகவில்லை, சுற்றிப் போனார். நான்காம் மகள் 1966 இல். ஐந்தாம் மகள் 1973 இல்.

ஒவ்வொரு பெயர்ச்சியின்போதும் எடுத்துச் செல்லப்பட்டவை மிகச் சில. 1931 இல் வந்த மரப்பெட்டி, மனைவியின் பாக்குவெட்டி, கணக்குக் கொப்பிகள், ஒரு சாய்மனைக் கதிரை. கிணறு மாறவில்லை, மூத்த மகளின் முற்றத்துக் கிணற்றிலிருந்தே ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் அள்ளப்பட்டது. புதிய வீட்டின் வாசலில் போடியார் ஒரு தென்னம்பிள்ளை நடுவார். அது காய்க்கும் முன்னர் அவ்வீட்டை விட்டுப் போயிருப்பார். வளவுக்கு மேற்கே பெருந்தெரு, கிழக்கே கடல். ஆதலால் பிள்ளைகள் வாழ்வு பெறப் பெற, பெற்றோர் கடலை நெருங்கினர். கடைசி மகளின் வீட்டுத் திண்ணையிலிருந்து அலை அடிக்கும் ஓசை கேட்கும்.

இதனைப் பெண்ணுக்குக் கிடைத்த பெரும் பேறு என எழுதிவிட்டுப் போவது எளிது. முழு உண்மை அதுவன்று. வீடு பெண்ணின் பெயரில் இருந்தது. அவ்வீட்டை விற்பதா வைப்பதா என்று பேசிய கூட்டங்களில் பெண் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஐந்து மகள்மாரில் ஒருத்தியேனும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. வயது வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. கைக்கூலியாக மாப்பிள்ளைமார் வாங்கிய பணமோ போடியாரின் வயலிலிருந்தே சென்றது. வயற்காரர் பக்கத்திலும் ஒரு கணக்குண்டு. பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் 1958 இல் குத்தகைக்குச் செய்வோரை அகற்றலாகாதென விதித்தபோது, வேறு பல காணிக்காரரைப் போலவே அவரும் முந்திக்கொண்டார். பதினொரு வருடம் தம் வயலைச் செய்த ஒருவரை நிறுத்தி, மருமகனின் பெயரைப் பதிந்தார். அந்த வயற்காரர் அதன் பின் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. போடியார் இதை ஒருபோதும் நியாயப்படுத்தியதில்லை, பேசியதுமில்லை. 1972 ஆம் ஆண்டு காணிச் சீர்திருத்தம் ஒருவர் 25 ஏக்கர் நெற்காணிக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றபோது உத்தியோகத்தர் வந்து பார்த்தனர். எடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மகள்மார் ஏற்கெனவே எடுத்துவிட்டனர்.

மகன்மாரின் நிலை வேறு. மூத்தவர் படித்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்று, ஆசிரியரானார். நிந்தவூரில் மணம் முடித்து அங்கே போனார். அவருக்குக் குறையொன்றுமில்லை. இளையவருக்குப் படிப்பு ஏறவில்லை. தந்தையோடு வயலில் நின்றவர் அவரே. 1966 இல் கட்டிய வீட்டுக்குக் கல் சுமந்தவரும் அவரே. அவருக்குக் கிடைத்த மனைவியின் தந்தையோ வறியவர். ஓரறையும் ஒரு குசினியுமே சீதன வீடு. ஒரு நோன்புப் பெருநாள் அன்று, சாப்பாட்டின் நடுவே, அவர் கேட்டார்:

"வாப்பா, ஊரான் பெத்த மாப்பிள்ளைமாருக்கெல்லாம் வீடு கட்டினீங்க. எனக்கு என்ன கட்டினீங்க?"

போடியார் கை கழுவியபின் மறுமொழி சொன்னார்: "உன்ன நான் கட்டிக் குடுத்த வீட்டுக்குள்ள இன்னொருத்தன் மகன் இருக்கான். அவன்ட வாப்பாவும் இப்பிடித்தான் கேட்டிருப்பான்."

விடை சரியானதா? முறைமைக்குள் நின்று பார்த்தால் சரியே. முறைமைக்கு வெளியே ஓரறை வீட்டில் நான்கு பிள்ளைகளோடு இருந்த மகனுக்கு அது விடையே அன்று. அதன் பின் பல வருடங்கள் இளையவர் பெருநாளைக்கு வந்து ஸலாம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போவார். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் வேறு சண்டை இருந்ததில்லை.

1978 ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளி ஐந்து வீடுகளின் ஓடுகளையும் ஒரே இரவில் கழற்றிற்று. 1981 இல் மனைவி காலமானார். 1985 இன் கலவரமும் 1990 இல் மூண்ட போரும் வயலுக்குப் போகும் வழியை அடைத்தன. காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையிலுள்ள எல்லை ஒரு வரம்பளவே. அவ்வாண்டுகளில் அது கடக்கவொண்ணாத தூரமாயிற்று. இரு பக்கமும் உயிர்கள் போயின. முல்லைக்காரரைப் பற்றிய செய்தி நின்றது. போடியாரின் கொப்பியில் 1990 இற்குப் பின் ஏழு வருடங்களுக்கு ஒரு வரியும் இல்லை. 2002 ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின், ஒரு நாள், நடுத்தர வயதினர் ஒருவர் சைக்கிளில் ஒரு சிறு சாக்குப் புதுநெல்லோடு வந்தார். முல்லைக்காரரின் மகன். தந்தை இறந்து ஆறு வருடமாகிறது என்றார். பெரியவர் நெல்லைக் கையிலே அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "பொலி நல்லம்" என்று மட்டும் சொன்னார். வந்தவர் அழுதார். கேட்டுக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகளுக்கு அச்சொல் விளங்கவில்லை.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலை போடியார் கடைசி மகளின் திண்ணையில், அதே சாய்மனைக் கதிரையில் இருந்தார். வயது 96. பேரன் ஒருவன் அவரைத் தோளிற் போட்டுக்கொண்டு மேற்கே ஓடினான். கடலுக்கு அண்மையிலிருந்த இரு வீடுகள் அத்திவாரம் வரை போயின. மூன்றாவது பாதியாக நின்றது. நான்காம் மகளும் அவளுடைய மகளின் கைக்குழந்தையும் திரும்பவில்லை. மரப்பெட்டியும் அதற்குள் இருந்த உறுதிகளும் கொப்பிகளிற் பெரும்பாலனவும் போயின. கதிரை மட்டும் ஒரு கை ஒடிந்து, மேற்கே இருநூறு யார் தள்ளி, ஒரு முட்கம்பி வேலியிற் சிக்கியிருந்தது.

கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என அரசு முதலில் அறிவித்தது. ஊர் நெருக்கமானது; காலி நிலம் இல்லை. ஆதலால் மேற்கே வயற்புறத்தை நிரப்பி வீட்டுத்திட்டங்கள் எழுந்தன. பாடசாலையில் அமைந்த முகாமுக்கு ஓர் உதவி நிறுவனத்தார் படிவங்களோடு வந்தனர். முதல் வரியிலேயே 'குடும்பத் தலைவர்' என்றிருந்தது. கடைசி மகளின் கணவருடைய பெயரை எழுதிக்கொண்டிருந்த இளைஞரைப் போடியார் அழைத்தார்.

"மனே, வீட்டுக்காரிட பேர எழுதுங்க."

"அப்பா, இதுல குடும்பத் தலைவர்ட பேர்தான் எழுதணும்."

"வீடு ஆருக்கு?"

"குடும்பத்துக்கு."

"குடும்பத்துல ஆருக்கு?"

இளைஞர் மரியாதையோடு சிரித்துவிட்டு அடுத்த பாய்க்குப் போனார். அவர்மீது பிழையில்லை, படிவத்தில் வேறு கோடு இருக்கவில்லை. வீடு மருமகனின் பெயரிலேயே வந்தது. குறித்த காலத்துக்குக் கைமாற்றலாகாது என்னும் நிபந்தனையும் கூடவே வந்தது. இவ்வாறு பல வீடுகள் ஆண்களின் பெயரில் எழுதப்பட்டமை இக்கரையோரப் பெண்களின் பழைய உரிமையைத் தொட்டதை ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டியுள்ளனர். மருமகன் நல்லவர். தாமே வெட்கப்பட்டு, "மாமா, நான் எங்க போகப்போறன்? காலம் முடிய எழுதிக் குடுக்கன்" என்றார். போடியாருக்கு அவர்மேல் ஐயமில்லை. ஆயினும் சாவி கொடுத்த நாளில் புதிய வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, வாசலில் தென்னம்பிள்ளை நடச் சொன்ன பேரனிடம், "உன்ட வாப்பாட வீடு, அவர நடச் சொல்லு" என்றார். அங்கே ஓரிரவும் தங்கவில்லை. மூத்த மகளின் வீட்டுக்குப் போனார். 1931 இல் மாப்பிள்ளையாக வந்த வீடு அது. ஓடும் கதவும் மாறியிருந்தன. கிணறு அதே கிணறு. அங்கே 2006 ஆம் ஆண்டு, சிறுபோக அறுவடையின்போது, சுபஹுத் தொழுகைக்குப் பின் காலமானார்.

ஜனாஸாவை எவ்வீட்டிலிருந்து எடுப்பது என்பதில் மகள்மாரிடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது. தன்னிடம்தான் முப்பது வருடம் இருந்தார் என்றாள் கடைசி மகள். ஆனால் அவள் சொல்லும் வீடு இப்போது இல்லை. உயிர் போன வீடே சரி என்று பள்ளியார் சொல்ல அது முடிந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, அவர் இன்னாருடைய கணவர், இன்னின்னாருடைய தகப்பனார் என்று பெண்களின் பெயர்களைச் சொல்லியே அடையாளம் காட்டினர். சந்தூக்கைத் தூக்கியவர்களுள் 1958 இல் நிறுத்தப்பட்ட வயற்காரரின் பேரனும் ஒருவன் என்று பின்னர் பேசிக்கொண்டனர்.

பங்கு பிரிக்க எதுவும் இருக்கவில்லை. எஞ்சிய இரண்டு கணக்குக் கொப்பிகளை ஆசிரியரான மூத்த மகன் எடுத்துக்கொண்டார். அறபுத்தமிழை வாசிக்கத் தெரிந்த ஒருவரை அவர் தேடிக்கொண்டிருந்தார். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து எல்லோரும் கலைந்த பின், இளைய மகன் மூத்த ராத்தாவிடம், திண்ணையில் கிடந்த சாய்மனைக் கதிரையைத் தான் கொண்டுபோகலாமா என்று கேட்டார். கேட்டவருக்கு அப்போது 61 வயது. ராத்தா தலையசைத்தாள். அவர் ஒடிந்த கையைக் கயிற்றாற் கட்டி, கதிரையை முச்சக்கர வண்டியின் மேல் ஏற்றி, தாமே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, தம் மனைவியின் வீட்டுக்குக் கொண்டுபோனார்.